தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சைக்கிள் டூர் போறவங்க கேக்கற கேள்விங்க

நான் காவேரிப்பட்டணம் பக்கம். வருஷத்துக்கு நாலஞ்சு தடவ சைக்கிள்ல மூட்டை கட்டிட்டு ரெண்டு நாள் மூணு நாள்னு கிளம்பிடுவேன். டீக்கடையில கேக்கறாங்க, போன்ல கேக்கறாங்க, சொந்தக்காரங்க கல்யாணத்துல கேக்கறாங்க. அதே கேள்வி, அதே பதில். அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு.

சைக்கிள்ல ரெண்டு பக்கமும் பை தொங்குதே, என்ன விக்கறீங்க?

சிரிக்காதீங்க, அதிகமா வர்ற கேள்வி இதுதான். நம்ம ஊர்ல கேரியர்ல ரெண்டு பக்கமும் மூட்டை கட்டிட்டு ஒருத்தன் வந்தா அவன் யாவாரி. பாப்பாரப்பட்டியில ஒரு பாட்டி கைய காட்டி நிறுத்தி "போர்வையாப்பா, ஜோடி என்ன வெல"ன்னு கேட்டுச்சு. ஒண்ணும் விக்கலங்க, சும்மா ஊர் சுத்தறேன்னேன், "வேல வெட்டி இல்லயா கண்ணு"ன்னு அடுத்த கேள்வி. அதுக்கு இன்னும் பதில் கண்டுபிடிக்கல.

முதல் தடவ போறேன். எந்த ரூட்?

தருமபுரி டு ஒகேனக்கல். இண்டூர், பென்னாகரம் வழியா 46 கிலோமீட்டர். பென்னாகரம் வரைக்கும் சின்னச் சின்ன மேடு பள்ளம்தான், அங்க இருந்து கடைசி 16 கிலோமீட்டர்ல பாதிக்கு மேல காட்டுக்குள்ள இறக்கம். காலையில ஆறு மணிக்கு கிளம்பினா நிதானமா பென்னாகரத்துல டிபன் முடிச்சிட்டு பத்து, பத்தரைக்கு காவேரியில கால் வைக்கலாம். நேரம் இருந்தா நேர் ரோட்ட விட்டுட்டு பாப்பாரப்பட்டி சுத்திப் போங்க, கொஞ்சம் தூரம் கூட ஆனாலும் லாரி கம்மி, சுப்பிரமணிய சிவா 1925-ல கண்ண மூடின ஊர் அது, மணிமண்டபம் இருக்கு, நிழல்ல உக்காந்து தண்ணி குடிச்சிட்டு கிளம்பலாம்.

இறக்கத்துல ஒரு விஷயம். பிரேக்க பிடிச்சது பிடிச்சபடியே இறங்காதீங்க. லோடோட ரிம் பிரேக்க தொடர்ந்து அழுத்தினா ரிம் சூடாகி டியூப் வெடிக்கும். அழுத்தி வேகத்த குறைச்சு, விட்டு, மறுபடி அழுத்தி, அப்படித்தான் இறங்கணும். பாதியில நிறுத்தி ரிம்ம தொட்டுப் பாருங்க, தொட முடியலன்னா பத்து நிமிஷம் நில்லுங்க. ஆடிப்பெருக்கு அன்னிக்கும் ஞாயித்துக்கிழமையும் மட்டும் வேண்டவே வேண்டாம், அன்னிக்கு அந்த ரோட்டுல கார் வேன் எல்லாம் வளைவுல கூட ஓவர்டேக் பண்ணுது.

ஓசூர்ல இருந்து அஞ்செட்டி வழியா ஒகேனக்கல் போலாமா? படம் பாத்தா சூப்பரா இருக்கே.

சூப்பர்தான். நான் போனதுலயே அழகான ரோடு அது. ஆனா இந்தப் பதில முழுசா படிச்சிட்டு கிளம்புங்க.

ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உசரம், ஒகேனக்கல் 250 சொச்சம். அதனால மொத்தத்துல இறக்கம்தான், நடுவுல மேடு நிறைய வந்தாலும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், ஒகேனக்கல், எண்பது கிலோமீட்டருக்கு மேல வரும். தளிய சுத்திட்டுப் போனா இன்னும் கூட ஆகும், ஆனா காலையில பனி மூட்டத்துல தளி ரோட்டுல ஓட்டறது ஒரு தனி சுகம், குட்டி இங்கிலாந்துன்னு வெள்ளைக்காரன் சும்மா சொல்லல. வழியில டீக்கடையில தெலுங்கு, கன்னடம், தமிழ் மூணும் ஒரே வாக்கியத்துல வரும்.

பிரச்சனை யானை. தேன்கனிக்கோட்டைக்கு அப்புறம் பெரும்பாலும் காடு, 2014-ல காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம்னு அறிவிச்ச பகுதி. ராகி கதிர் முத்தற சமயம், அதாவது நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும், பன்னார்கட்டா பக்கமிருந்து யானைங்க கூட்டமா ஜவளகிரி, தளி, சானமாவுன்னு இறங்கும். கொடுமை என்னன்னா சைக்கிள் ஓட்ட நல்ல சீசனும் அதேதான். கார் வந்தா சத்தம் கேட்டு யானை ஒதுங்க வாய்ப்பிருக்கு, சைக்கிள் சத்தமே இல்லாம வளைவுல திரும்பி நேரா முன்னாடி போய் நிக்கும், அதுதான் ஆபத்து. அதனால அந்தக் காட்டுத் துண்ட காலையில ஒம்பதுக்கு மேல சாயந்திரம் மூணு மணிக்குள்ள தாண்டிடணும். காதுல பாட்டு கூடாது. ரோட்டுல ஆவி பறக்கற சாணி, புதுசா முறிஞ்ச மூங்கில் கண்ணுல பட்டா நின்னு, அடுத்த வண்டி வர்ற வரைக்கும் காத்திருந்து அதோட பின்னாடியே போங்க.

ஒரு தடவ தேன்கனிக்கோட்டை தாண்டி வனத்துறைக்காரர் ஒருத்தர் எங்கள நிறுத்தி "முன்னாடி ஒத்தை நிக்குது, போகாதீங்க"ன்னாரு. எங்க கூட வந்த பையன் பெங்களூர்ல இருந்து லீவு போட்டு வந்தவன், அவன் பேசிப் பாத்தான். அவரு ஒண்ணும் பேசல, கைய கட்டிட்டு காட்டையே பாத்துட்டு நின்னாரு. அரை மணி நேரம் கழிச்சு ஒரு தக்காளி டெம்போ வந்துச்சு, காலி கிரேடு மேல மூணு சைக்கிளையும் படுக்க வச்சு கட்டி அஞ்செட்டி வரைக்கும் போனோம். ரெண்டாவது வளைவுல ரோட்டோரம் மூங்கில உலுக்கிட்டு நின்னுச்சு. பெங்களூர் பையன் அஞ்செட்டி வர்ற வரைக்கும் வாயே திறக்கல.

என்.எச்.ல நேரா போனா சீக்கிரம் போயிடலாமே?

கிருஷ்ணகிரி டு தருமபுரி ஓரமா போயிடலாம், ரசிக்க ஒண்ணும் இல்ல. தருமபுரிக்கு தெக்க தொப்பூர் கணவாய் மட்டும் சைக்கிள்ல வேண்டாம். சேலம் பக்கம் இறங்கற இடத்துல லோடு லாரி பிரேக் பிடிக்காம முன்னாடி போற வண்டி மேல ஏறின கதைங்க எத்தனையோ. சேலம் போகணும்னா அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, மஞ்சவாடி கணவாய் வழியா போங்க. சுத்துதான், உசுரு முக்கியம்.

கூட்டம் இல்லாத வேற ரூட் சொல்லுங்க அண்ணா.

எனக்குப் பிடிச்சது தருமபுரி, மொரப்பூர், அரூர், தீர்த்தமலை, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி. 130, 140 கிலோமீட்டர் வரும், ரெண்டு நாள். தீர்த்தமலையில சைக்கிள கீழ கடையில விட்டுட்டு மலை ஏறி தீர்த்தத்துல தலைய நனைச்சிட்டு வந்தா முதல் நாள் அலுப்பு போயிடும்.

கால்ல தெம்பு இருக்கறவங்க வத்தல்மலை ஏறலாம், தருமபுரியில இருந்து காலையில போய் மதியம் திரும்பிடலாம், இருபதுக்கு மேல கொண்டை ஊசி வளைவு, மேல காப்பித் தோட்டம், மிளகுக் கொடி. லோடு இல்லாம போங்க.

இன்னொண்ணு அதிகம் பேருக்குத் தெரியாது. பென்னாகரத்துல இருந்து ஏரியூர், நாகமரை போனா ரோடு மேட்டூர் டேம் தண்ணியில முடிஞ்சிடும். அங்க படகுல சைக்கிள ஏத்தி அந்தப் பக்கம் பண்ணவாடியில இறங்கி, கொளத்தூர் வழியா மேட்டூர் போயிடலாம். ஊர்க்காரங்க பைக்கையே ஏத்திட்டுப் போறாங்க, நம்ம சைக்கிள் எம்மாத்திரம். காத்து அடிக்கற நாள்ல படகு விடமாட்டாங்க, அதனால போறதுக்கு முன்னாடி ஏரியூர்லயே விசாரிச்சுக்கோங்க. ஏறினதும் சைக்கிள படுக்க வச்சிடுங்க.

எந்த சைக்கிள் வாங்கறது? எவ்வளவு விலையில?

விலைய பாக்காதீங்க, பல்லு எண்ணுங்க. நம்ம ஊர் மேடுக்கு சின்ன கியர்தான் வேணும். கணக்கு சொல்றேன். முன்னாடி 42 பல்லு, பின்னாடி பெரிய பல்சக்கரம் 28 பல்லுன்னா, பெடல் ஒரு சுத்து சுத்தினா வண்டி மூணு மீட்டருக்கு மேல போகும். முன்னாடி 28, பின்னாடி 34ன்னா ஒரு சுத்துக்கு ஒண்ணே முக்கால் மீட்டர்தான். பதினஞ்சு கிலோ லோடோட மேடு ஏறறப்ப இந்த ரெண்டாவதுதான் முட்டிய காப்பாத்தும். மெதுவா போறமே, மாட்டு வண்டி முந்துதேன்னு வெக்கப்படாதீங்க, மணிக்கு ஆறு கிலோமீட்டர்ல ஏறினாலும் ஏறிடுவீங்க.

கடைக்காரங்க முன்னாடி சஸ்பென்ஷன் உள்ளத தள்ளிவிடப் பாப்பாங்க. விலை கம்மியான சஸ்பென்ஷன் வெறும் வெயிட்டு. ரிஜிட் ஃபோர்க், அதாவது ஸ்பிரிங் இல்லாத முன் ஃபோர்க், கேரியர் போல்ட் போட ஃபிரேம்லயே ஓட்டை, பின்னாடி வீல்ல 32 இல்ல 36 ஸ்போக், அவ்வளவுதான். லோடு முழுக்க பின்னாடி வீல் மேல, அங்கதான் ஸ்போக் போகும். கிளம்பறதுக்கு முன்னாடி கோட்டம் எடுத்து டைட் பண்ணிக்கோங்க.

சாதா பெரிய சைக்கிள்ல போலாமான்னும் கேக்கறாங்க. தாராளமா. எங்க தாத்தா ரெண்டு மூட்டை ராகிய கட்டிட்டு சந்தைக்குப் போன சைக்கிள் அது. மேடு வந்தா தள்ளுவாரு.

டயர், டியூப்?

35ல இருந்து 40 எம்.எம். அகலம். மெல்லிசு டயர் கருவேல முள்ளுக்கு முன்னாடி நிக்காது. டியூப்ல கார் வால்வ் இருக்கறத வாங்குங்க, ஒல்லியா நீட்டமா இருக்கற பிரெஸ்டா வால்வ் இருந்தா எந்த பஞ்சர் கடை பைப்பும் மாட்டாது, அதுக்கு மாட்டற சின்னப் பித்தளை அடாப்டர் ஒண்ணு பையில இருக்கணும். ரெண்டு ஸ்பேர் டியூப், பேட்ச், சொல்யூஷன், கைப்பம்ப். முள்ளு குத்தினா டியூப மாத்தறதுக்கு முன்னாடி டயர் உள்பக்கம் விரல விட்டு மெதுவா ஒரு சுத்து தடவிப் பாருங்க, உடைஞ்ச முள் முனை அங்கயே இருக்கும், அத எடுக்காம புது டியூப் போட்டா அதுவும் போச்சு.

ரோட்டுல கொள்ளுச் செடி, ராகித் தாள் பரப்பி வச்சிருக்காங்களே, அது மேல ஓட்டலாமா?

கூடாது, இத யாரும் சொல்லித் தர்றதில்ல. தை மாசம் எங்க பக்கம் பாதி ரோடு களம்தான், வண்டி ஏறி ஏறி மணி உதிரட்டும்னு பரப்பி விட்டுடுவாங்க. லாரிக்கு ஒண்ணும் ஆகாது. நமக்கு கொள்ளுக் கொடி பின்னாடி கியர்ல இருக்கற சின்ன ரெண்டு சக்கரத்துல சுத்தும், டீரெய்லர, அதாவது செயின கியர் மாத்தி விடற அந்தக் கைய, இழுத்து ஸ்போக்குக்குள்ள விடும். ராயக்கோட்டை பக்கம் எனக்கு அப்படித்தான் ஆச்சு, டீரெய்லர் ஃபிரேம்ல தொங்கற ஹேங்கர் வளைஞ்சு போச்சு, தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின கொலுசு மாதிரி அவ்வளவு மெல்லிசா இருக்கும் அந்த அலுமினியத் துண்டு. கொள்ளு காயவச்ச அம்மா ஓடி வந்து "ஐயோ சாமி, எங்கள மன்னிச்சிடுப்பா"ன்னு மோர் குடுத்துட்டு, கூடவே உக்காந்து ஒவ்வொரு கொடியா பிரிச்சு எடுத்தாங்க. கியர மறந்துட்டு செயின கட் பண்ணி ஒரே கியர்ல ஊர் வந்து சேந்தேன். அன்னில இருந்து அந்த ஹேங்கர் ஒண்ணு, செயின் கட்டர் ஒண்ணு பையில இல்லாம கிளம்பறதில்ல. உங்க சைக்கிள் மாடலுக்கு ஏத்த ஹேங்கர் முன்னாடியே வாங்கி வைங்க, அது எல்லாத்துக்கும் ஒண்ணா இருக்காது. தாள் பரப்பின இடம் வந்தா இறங்கி தூக்கிட்டுப் போங்க.

பை எது?

முதுகுல மாட்டற பை வேண்டாம், ஒரு மணி நேரத்துல முதுகு வெந்துடும். கேரியர்ல ரெண்டு பக்கமும் தொங்கற பைதான். நான் முதல்ல வாங்கின விலை கூடின பையோட கொக்கி முதல் டூர்லயே உடைஞ்சுது, கடையில மாத்தித் தரல, அதுக்கப்புறம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சீட் கவர் தைக்கறவர்கிட்ட ரெக்சின்ல தைச்சேன், ஆறு வருஷமா உழைக்குது. உள்ள துணிய பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வச்சிடுங்க. கனமானது கீழ, ரெண்டு பக்கமும் ஒரே வெயிட்டு.

டென்ட் எங்க போடறது? காட்டுக்குள்ள போடலாமா?

காட்டுக்குள்ள கூடாது. ரிசர்வ் ஃபாரஸ்ட்ல அனுமதி இல்லாம நுழையறதே குத்தம், ராத்திரி தங்கறது அதுக்கு மேல. கேஸு ஒரு பக்கம், யானை இன்னொரு பக்கம். ஆத்து மணல்லயும் வேண்டாம். பாக்க மெத்தை மாதிரி இருக்கும், ஆனா காவேரியில மேல கர்நாடகாவுல தண்ணி திறந்தா இங்க வானம் நீலமா இருக்கறப்பவே ஆறு ஏறும். முதலையும் இருக்கு, ஒகேனக்கல்ல முதலைப் பண்ணை சும்மா வைக்கல.

அப்ப எங்கதான் போடறதுன்னா, கேட்டு வாங்கணும். என்னப் பொறுத்தவரைக்கும் சைக்கிள் டூர்ல கத்துக்க வேண்டிய வேலையே இதுதான், டென்ட் அடிக்கறது பத்து நிமிஷ வேலை. சாயந்திரம் நாலரை, அஞ்சுக்குள்ள ஒரு ஊருக்குள்ள போயிடுங்க, இருட்டினப்புறம் போனா யாரா இருந்தாலும் சந்தேகம்தான் படுவாங்க. டீக்கடையில உக்காருங்க. டீ குடிங்க. எங்க இருந்து வர்றீங்கன்னு அவங்களே கேப்பாங்க, அப்ப மெதுவா "ராத்திரி மட்டும் கோயில் மண்டபத்துல படுத்துக்கலாங்களா, யார கேக்கணும்"னு கேளுங்க. யார கேக்கணும்ங்கறது முக்கியம். படுத்துக்கலாமான்னு மட்டும் கேட்டா தெரியாதுன்னுடுவாங்க. யார கேக்கணும்னு கேட்டா ஊர்க் கவுண்டரோ பூசாரியோ யாரோ ஒருத்தர கூட்டிட்டு வந்துடுவாங்க. ஆதார் நகல் ஒண்ணு கையில வச்சிருங்க, கேக்கறதுக்கு முன்னாடியே காட்டுங்க.

மாந்தோப்பும் நல்ல இடம். கிருஷ்ணகிரி பக்கம் எங்க பாத்தாலும் தோப்புதான், ஆனா ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும் காய் இருக்கறப்ப கேக்காதீங்க. தோப்ப குத்தகைக்கு எடுத்தவரு ராத்திரி டார்ச்சோட காவல் இருப்பாரு, உங்க டென்ட் அவரு கண்ணுக்கு பெங்களூரா மாங்கா மூட்டை மாதிரிதான் தெரியும். மத்த மாசத்துல கேட்டா கட்டிலே குடுப்பாங்க.

ஒகேனக்கல்ல டென்ட் யோசனையே வேண்டாம், ரூம் நிறைய இருக்கு, தமிழ்நாடு ஹோட்டலும் இருக்கு.

எந்த மாதிரி டென்ட்?

ரெண்டு அடுக்கு இருக்கறது, உள்ள கொசு வலை, மேல மழைக்கு. ஒத்தை அடுக்குன்னா உங்க மூச்சுக் காத்தே விடியக்காலம் சொட்டும். டிசம்பர்ல தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் குளிர் நடுக்கும், கம்பளி வேணும். மண்டபத்துல படுக்கறதா இருந்தா டென்ட்டே வேண்டாம், பாயும் கொசு வலையும் போதும். நான் பாதி டூர் அப்படித்தான் போறேன்.

சமையல் சாமான்?

டீ போட ஒரு சின்ன ஸ்பிரிட் அடுப்பு, அவ்வளவுதான். நம்ம பக்கம் முப்பது கிலோமீட்டருக்குள்ள ஒரு இட்லிக் கடை வராத ரோடு காட்டு ரோடு மட்டும்தான். மதியம் எங்கயாவது களி கிடைச்சா விடாதீங்க, ஒரு உருண்டை களி, கீரை கடைசல், பச்சப்புளி ரசம். ஆனா உடனே ஏறி உக்காராதீங்க, ஒரு மணி நேரம் புளியமரத்தடி.

தண்ணி? ஃபுளோரைடுன்னு பயமுறுத்தறாங்களே?

நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் போர் தண்ணியில ஃபுளோரைடு கூட, அது உண்மை. அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் கடன் உதவியோட கட்டி 2013-ல திறந்தாங்க. ஆனா பல்லு கறை, எலும்பு வளையறதெல்லாம் வருஷக்கணக்கா குடிச்சா வர்றது, ரெண்டு நாள் குடிச்சா ஒண்ணும் ஆகாது. தண்ணி இல்லாம வெயில்ல ஓட்டறதுதான் அன்னிக்கே படுக்க வைக்கும். ஊர்ல "ஒகேனக்கல் தண்ணி எந்தக் குழாய்ல வருது"ன்னு கேட்டு பிடிச்சுக்கோங்க. குறைஞ்சது மூணு லிட்டர், காட்டு ரோடுன்னா நாலு, கூட ரெண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம்.

எந்த மாசம்?

டிசம்பர் நடுவுல இருந்து பிப்ரவரி. ஐப்பசி கார்த்திகையில மழை. சித்திரையில வெயில், சாயந்திரமானா இடியோட கோடை மழை. ஆடியில மழை இல்லயேன்னு கிளம்புவீங்க, ஆடிக் காத்து மேக்க இருந்து நெஞ்சுல கைய வச்சு தள்ளும். அப்ப போறதா இருந்தா கிழக்க பாத்து ஓட்டிட்டு பஸ்ல திரும்புங்க.

நாய் துரத்தினா?

ஓட்டாதீங்க. இறங்கி, உங்களுக்கும் நாய்க்கும் நடுவுல சைக்கிள வச்சு நடங்க. பத்தடியில விட்டுடும்.

பொண்ணு தனியா போலாமா?

இதுக்கு நான் சொல்றதவிட எங்க கூட வர்ற அக்கா ஒருத்தங்க சொன்னத சொல்றேன். டீக்கடையில ஆம்பளைங்ககிட்ட வழி கேப்பாங்களாம், தங்க இடம் மட்டும் பொம்பளைங்ககிட்டதான் கேப்பாங்களாம், குழாயடியில, பூப்பறிக்கற இடத்துல. டென்ட் வீட்டு வாசலுக்குள்ள மட்டும், இல்லன்னா லாட்ஜ். "எங்க போற"ன்னு கேட்டா "முன்னாடி ஆளுங்க போயிட்டு இருக்காங்க"ன்னு மட்டும் சொல்வாங்களாம்.

ரயில்ல, பஸ்ல சைக்கிள் ஏத்தலாமா?

கிருஷ்ணகிரியில ஸ்டேஷனே இல்ல, அத முதல்ல சொல்லிடறேன், வெளியூர்க்காரங்க தேடி ஏமாறறாங்க. தருமபுரி, ஓசூர், மொரப்பூர்ல இருக்கு. பார்சல் ஆபீஸ்ல லக்கேஜா புக் பண்ணணும், ரெண்டு மணி நேரம் முன்னாடி போங்க, ரெண்டு நிமிஷம் நிக்கற வண்டின்னா ஏத்த ஒத்துக்காமலும் போகலாம். கேஸ் அடுப்பு கேன் ரயில்ல கூடாது. பஸ்ஸுன்னா மேல கேரியர் இருக்கற வண்டி வரணும், கண்டக்டர் மனசு வைக்கணும்.

ஒகேனக்கல்ல இருந்து திரும்பி வர்ற மேடு ஏற முடியலன்னா?

தள்ளுங்க. நானும் மூணாவது தடவதான் இறங்காம ஏறினேன். அதுவும் முழுசா சொல்ல முடியாது, பாதி மேட்டுல தண்ணி குடிக்க காலை ஊன்றின நேரத்துல ஒரு குரங்கு ஹேண்டில் பையில இருந்த பிஸ்கட்ட எடுத்துட்டு தடுப்புச் சுவர் மேல உக்காந்து பிரிச்சு தின்னுச்சு, நான் மூச்சு வாங்கிட்டு பாத்துட்டே நின்னேன்.